சாந்தா வீட்டுக் காளான் பிரட்டல்

கோழி இல்லை என்றால் இல்லைதான். இன்னும் எத்தனை பேரிடம் இதையே சொல்லிக்கொண்டிருப்பது? ஆக்லாந்தில் நியூ லின் ரயில் நிலையத்தில் நின்றாலும் இதே பேச்சு. இந்தியக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தாலும் முதுகுக்குப் பின்னால் இதே பேச்சு. சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள் விரதக்காரர்களுக்குச் சாந்தா கோழி ஆக்கிப் போட்டாளாம். பிடிபட்டதும் கோயிலை விட்டு எழுந்து போய்விட்டாளாம். தப்பு செய்யாதவள் எதற்குப் போக வேண்டும் என்று கேள்வி வேறு.

எழுந்து போனாள், அது உண்மை. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, அதுவும் உண்மை. மற்றதெல்லாம் வாய்க்கு வந்த பேச்சு. பேசுகிறவர்களில் ஒருவராவது அந்த ஓக் மரத்தடியில் போய் நின்றதுண்டா? அந்தக் காளானைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்ததுண்டா? இல்லையல்லவா? அப்படியானால் வாயை மூடிக்கொண்டு முதலிலிருந்து கேளுங்கள். அம்புஜம் மாமியைப் பற்றிய ஒரு சங்கதியும் இதில் வருகிறது. அதைச் சொல்லிவிடுங்கள் என்று மாமியே சொன்ன பிறகுதான் இப்போது சொல்லப்படுகிறது. அவர் சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்துக்கும் வெளியே வந்திருக்காது.

சாந்தா தைப்பிங்கில் பிறந்தவள். மலேசியாவிலேயே அதிகம் மழை கொட்டும் ஊர் என்பாள். அதனால் ஆக்லாந்து மழையைப் பார்த்து அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கணவன் மோகனதாஸும் மலேசியாக்காரன், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிறவன், அவனுக்கு ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலை. ஒரே மகள் மெல்பர்னில். சாந்தாவுக்கு நியூ லின்னில் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. நல்ல பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஆனால் கடையில் அந்தச் சிரிப்பை யாரும் கேட்டதில்லை. அங்கே அவள் கொசுவம் பிடித்துத் தைக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

அவள் சாந்தாவாக இருந்தது கோயில் சமையற்கட்டில். நம் கோயில் முன்பு டயர் மாற்றும் கடையாக இருந்த கட்டடம் என்பது எல்லாருக்கும் தெரியும். மழை நாளில் இன்னும் ரப்பர் வாசம் வரும். அந்த வாசத்தை நெய் வாசத்தால் துரத்தியவள் சாந்தா. அன்னதானத்தன்று அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு அகப்பையைக் கையில் எடுத்தால், எம்.ஏ. படித்தவரும் பாங்கியில் பெரிய வேலை பார்ப்பவரும் தானாகவே ஒதுங்கி நிற்பார்கள். "அக்கா, உப்பு பாருங்க", "சாந்தா, பருப்பை எறக்கலாமா?" என்று நாலு பக்கமும் குரல் வரும். அவள் சாம்பாரைச் சுவைத்துப் பார்க்க மாட்டாள், சாமிக்குப் படைக்கும் முன் எப்படிச் சுவைப்பது? கொதிக்கிற சத்தத்தையும் வாசனையையும் வைத்தே சொல்லிவிடுவாள். அந்த அகப்பையைப் பிடிக்கும் நாட்களுக்காகத்தான் மற்ற நாட்களில் அவள் கொசுவம் தைத்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் விட்டுவிட்டுப் போனது என்ன என்பது அப்போதுதான் புரியும்.

இனி காளானுக்கு வருவோம்.

கடையில் பக்கத்துத் தையல் இயந்திரத்தில் ஹலினா. போலந்துக்காரி, சாந்தாவின் வயதுதான். அதிகம் பேச மாட்டாள். இலையுதிர் காலம் தொடங்கி நல்ல மழை பெய்த ஒரு வாரம், கண்ணெல்லாம் வீங்கி வேலைக்கு வந்தாள். சாந்தா பதறிப்போனாள்.

"என்ன ஹலினா, ஊர்ல யாருக்காவது...?"

"யாரும் சாகவில்லை. வந்துவிட்டது," என்று ஹலினா ஒரு காகிதப் பையைத் திறந்து காட்டினாள்.

உள்ளே காளான். ஆனால் காளான் என்றதும் நம் கண்ணில் வருகிற வெள்ளைக் குடை இல்லை. முட்டையின் மஞ்சள் கருவை எடுத்து யாரோ புனல் போலச் செய்து வைத்த மாதிரி. ஓரமெல்லாம் நெளிநெளியாக. சாந்தா ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். குடைக்கு அடியில் மற்றக் காளான்களில் இருக்கிற மெல்லிய தகடுகள் இல்லை. மேலிருந்து தண்டு வரைக்கும் மடிப்பு மடிப்பாக ஓடியது, ஒன்று இரண்டாகப் பிரிந்து, பிரிந்தது மறுபடியும் சேர்ந்து. வாழ்க்கையெல்லாம் துணியில் கொசுவம் பிடித்தவள் அவள். அந்தக் கொசுவத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதை யாரு தச்சா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

முகர்ந்தால் உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தின் வாசம். மண்ணிலிருந்து பிடுங்கியதில் பழவாசம்! ஷாண்டரெல் என்று அதற்குப் பேர். எங்கள் பாஷையில் வேறு பேர் என்றாள் ஹலினா. என்ன பேர் என்று கேட்டதற்கு, "கோழிக்குஞ்சு" என்றாள், நிறத்தைப் பார்த்து வைத்த பேர். சாந்தா சிரித்துவிட்டு, இதை மட்டும் கோயில் பக்கம் சொல்லக் கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

ஹலினா இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்தக் காளானைத் தேடியிருக்கிறாள். எங்கும் கிடைக்கவில்லை. இந்த மண்ணில் அது வராது போல என்று மனதைத் தேற்றிக்கொண்டு விட்டாள். பிறகு மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டுக்கு வாடகைக்குப் போனாள். பின்புறம் வயதான ஓக் மரம் ஒன்று. அதன் அடியில்தான் அன்று காலை இது மஞ்சளாக நின்றது. யாரோ எந்தக் காலத்திலோ கப்பலில் கொண்டுவந்த கன்றாக அந்த மரம் இருக்க வேண்டும், வேரோடு ஒட்டிய பிடி மண்ணில் இதுவும் ஏறி வந்திருக்க வேண்டும் என்பது அவள் ஊகம். கப்பல் அசைந்து, கடல் தாண்டி, புது மண்ணில் வேர் பிடித்து, யாரும் பார்க்காமல் இத்தனை காலம் பூமிக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. நினைத்தாலே உடம்பு சிலிர்க்கவில்லையா? சாந்தாவுக்குச் சிலிர்த்தது.

ஆனாலும் ஹலினா அவசரப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் காளான் படித்தவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் பார்த்துச் சரி என்ற பிறகே வாயில் வைத்தாள். "என்னைக் கேட்காமல் நீ ஒன்றைக்கூடத் தொடாதே. இதே ஓக் மரத்தடியில் ஆளைக் கொல்லுகிற காளானும் முளைக்கும்," என்று சாந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சாந்தா கடைசிவரை அந்தச் சொல்லை மீறியதில்லை.

சனிக்கிழமை காலை சாந்தா அந்த மரத்தடிக்குப் போனாள். இரவெல்லாம் மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. மலையடிவாரத்துச் சரிவு, இலைகள் நனைந்து செம்பு நிறத்தில் கிடந்தன. முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஹலினா விரலால் காட்டினாள். ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு கண் திறந்துகொண்ட மாதிரி, மரத்தைச் சுற்றிச் சரிவெங்கும், இலைக்கடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு, யாரோ மஞ்சள் அரைத்து வழித்துத் தெளித்த மாதிரி பொன்னாக நின்றன.

சாந்தா செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"கால் ஈரமாகுமே, ஏன் கழற்றுகிறாய்?" என்றாள் ஹலினா.

"இங்க எப்படி ஹலினா செருப்போட நிக்கிறது?"

ஹலினா அவளைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் ரப்பர் பூட்ஸையும் இழுத்து எறிந்தாள். கம்பளிக் காலுறையையும் உருவினாள். இரண்டு நடுவயதுப் பெண்கள் குளிர்ந்த சேற்றில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நாயை நடத்திக்கொண்டு போன வெள்ளைக்காரர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

வீட்டுக்கு வந்து சமைத்ததையும் சொல்ல வேண்டும். கழுவக் கூடாது, தூரிகையால் மண்ணைத் தட்டினால் போதும் என்று ஹலினா சொல்லியிருந்தாள். கத்தியால் நறுக்காமல் கையால் கிழித்தாள். நார் நாராகப் பிரிந்து வந்தது. வெறும் இரும்புச் சட்டியைக் காயவைத்து, எண்ணெய் விடாமல் அப்படியே போட்டாள். சட்டியில் விழுந்ததும் சிணுங்கியது. பிறகு தானாகவே தண்ணீர் விட்டது, சட்டி நிறைய. கெட்டுப்போய்விட்டதோ என்று சாந்தா பயந்தாள். கொஞ்ச நேரத்தில் விட்ட தண்ணீரை எல்லாம் அதுவே திரும்பக் குடித்துவிட்டு, சுருங்காமல், நிறம் மாறாமல், பொன்னாகவே நின்றது. இத்தனை வருஷம் அடுப்பு முன்னால் நின்றவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதன் பிறகுதான் எண்ணெய், சோம்பு, பட்டை, கறிவேப்பிலை, இடித்த மிளகு. தைப்பிங்கில் அவள் அம்மா செய்கிற பிரட்டல் போலவே, ஈரம் போகும்வரை பிரட்டி எடுத்தாள்.

மோகனதாஸ் ஒரு வாய் வைத்ததும் நிறுத்தினான்.

"சாந்தா, இது கோழி லா!"

"பேசாம தின்னு."

"நெசமா சொல்றேன். நார் பாரு." மென்றான், இன்னொரு வாய் வைத்தான், மெதுவாகத் தலையாட்டினான். "இல்ல. கோழி இல்ல. கோழிக்கு இந்த வாசம் எங்கேர்ந்து வரும்? இது என்னா மா, ஏதோ தேவலோகத்து ஐட்டமா?"

அவன் கோழி தின்கிறவன், அதனால் அவனுக்கு வித்தியாசம் தெரிந்தது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. கோயில் சமையற்கட்டு சின்னது என்பதால் காய் நறுக்க எல்லாரும் சாந்தா வீட்டுக் கராஜுக்கு வருவது வழக்கம். காரை வெளியே நிறுத்திவிட்டு, தரையைக் கழுவி, பாய் விரித்து, பூசணியும் வாழைக்காயும் மலையாகக் குவிந்து கிடக்கும். அம்புஜம் மாமியும் வந்திருந்தார். கோயில் தலைவர் ரங்கநாதனின் மனைவி. கும்பகோணத்துப் பக்கம். வீட்டில் முட்டைகூட நுழையாத குடும்பம். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், வாழைக்காயை ஒரே அளவில் வில்லை வில்லையாக நறுக்குவார். சாந்தாவுக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை.

அன்று காலை வேலைக்குப் போகிற வழியில் ஹலினா ஒரு கூடை காளான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வந்தவர்களுக்குப் பகல் சாப்பாடு போட வேண்டாமா? விரத நாள் என்று வெங்காயம் பூண்டு சேர்க்காமல் பிரட்டினாள் சாந்தா. பரிமாறும்போது மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டாள்.

"மாமி, காளான் பிரட்டல். வெங்காயம் பூண்டு கெடையாது. சாப்புடுவீங்களா?"

"காளான்தானே? என் பேரன் பீட்சால போட்டுத் திங்கறான், நானும் எடுத்துத் திங்கறேன். போடு, போடு. வாசனையே ஆளைத் தூக்கறதே!"

மாமி ஒரு துண்டை எடுத்தார். அப்படியே வாயில் போடவில்லை. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, நார் ஓடுகிற பக்கமாக மெல்ல இழுத்து, இழை இழையாகப் பிரித்து வாயில் வைத்தார். சாந்தா ரசம் ஊற்ற வந்தவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமி மென்றார். மெல்லுவது நின்றது. கண் நிறைந்தது. முகத்தில் இரத்தம் வற்றிப் போயிற்று.

"மாமி, காரமா?"

மாமி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இது காளான் இல்லை," என்றார். "இது கோழி."

கராஜில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஐயையோ மாமி, காளான்தான்! கூடைல இன்னும் இருக்கு, கொண்டாந்து காட்றேன்..."

"கோழி சாந்தா! விரத நாள்ல என் வாயில கோழியைப் போட்டுட்டியே!" என்று அந்த மெல்லிய குரல் கிறீச்சிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மற்றவர்கள் தங்கள் தட்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சோம்பும் பட்டையும் சேர்ந்த கறி வாசம் கராஜெங்கும் நின்றது. சாந்தா கூடையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பாதிப் பேர் கை கழுவிவிட்டார்கள்.

மறுநாள், பௌர்ணமியன்று, கோயிலிலிருந்து போன் வந்தது. செயலாளர் யசீகரன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தயங்கித் தயங்கிப் பேசினான். "சாந்தா அக்கா, குறை நினையாதேங்கோ. இண்டைக்கு மட்டும் நீங்கள் வர வேண்டாமெண்டு சொல்லச் சொன்னவை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில எல்லாம் கதைச்சுத் தீர்ப்பம்." அன்று யாரோ சமைத்தார்கள். சாம்பார் நீர்த்துப் போயிருந்தது என்று கேள்வி. சாந்தா வீட்டில் உட்கார்ந்து வெறும் அகப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டு அகப்பைதான், ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

மோகனதாஸ்தான் அதைக் கண்டுபிடித்தான். இடியாப்பத்தைப் பிட்டுக்கொண்டே பசியாறிக்கொண்டிருந்தவன் திடீரென்று சிரிக்கத் தொடங்கினான்.

"என்னா சிரிப்பு? ஊரே என் மானத்த வாங்குது."

"ஒன்னே ஒன்னு கேளு சாந்தா. மாமி பொறந்ததுலேர்ந்து சைவம். சரியா? அப்ப கோழி எப்படி இருக்கும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாந்தா துடைப்பதை நிறுத்தினாள்.

"கூட்டத்துல இத மட்டும் கேளு லா. மொத்தப் பேரும் வாயடைச்சுப் போவாங்க. அகப்பை ஒன் கைக்கு வந்துரும்."

அன்று முழுக்க சாந்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை எளிய கேள்வி! அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் கேட்க வேண்டும், மரியாதையாகக் கேட்க வேண்டும். மாமி முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். தட்டு தேய்க்கும்போது திடீரென்று அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நார் ஓடுகிற பக்கமாக இழுத்த இழுப்பு. காளான் தின்கிறவள் அப்படிப் பிரிக்க மாட்டாள். அது கோழியைப் பிய்க்கிற கை. எப்போதோ பழகிய கை. அப்படியானால்? சாந்தா அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லை என்று சொன்னாலும் சரிதான். அகப்பை அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. ஹலினா விடியற்காலையில் பறித்துக் கொடுத்த காளானை ஒரு மூங்கில் கூடையில் போட்டு, மேலே ஈரத்துணி மூடி எடுத்துக்கொண்டு போனாள் சாந்தா. கூடத்தில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கூடையைத் திறந்ததும் அந்தப் பழவாசம் பரவியது. ரப்பர் வாசத்தையும் சாம்பிராணியையும் தாண்டி அது எல்லார் மூக்குக்கும் போனது. பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ரங்கநாதன் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சாந்தாவின் சமையல் இல்லாமல் கோயில் நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

"இங்க பாரு சாந்தா, நீ வேணும்னு பண்ணினேன்னு நான் சொல்லலை. காளானோட கோழி கலந்து போயிருக்கும், சட்டி மாறிப் போயிருக்கும், ஏதோ ஒண்ணு. தெரியாம நடந்துடுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஒரு அர்ச்சனை பண்ணிடலாம். நாளைக்கே அகப்பையை நீ எடுத்துக்கோ. இதோட விட்டுடலாம்."

கூட்டம் முழுக்க அதையே விரும்பியது என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு வார்த்தைதானே?

"நடக்காதத எப்படி மாமா நடந்துச்சுன்னு சொல்றது?" என்றாள் சாந்தா. "வெள்ளிக்கெழம என் வீட்ல கோழியே இல்ல. இதான் இருந்துச்சு. பாருங்க."

"பார்க்கறேன். அழகாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்குத் தட்டுல விழுந்தது இதுதான்னு எப்படிச் சொல்றது?" ரங்கநாதனின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "எங்காத்துல இவ பொறந்ததுலேர்ந்து ஒரு முட்டையைக்கூடத் தொட்டதில்லை. அந்தச் சுத்தமான நாக்கு சொல்றது கோழின்னு. அது பொய் சொல்லுமா?"

தானாகவே கதவைத் திறந்து வைத்துவிட்டார். மோகனதாஸ் சாந்தாவின் முழங்கையை இடித்தான். கேளு, இப்போது கேளு என்று கண்ணாலேயே சொன்னான். யசீகரனின் நெற்றிகூடச் சுருங்கத் தொடங்கியது. "அது எப்பிடி..." என்று வாயெடுத்தான். இன்னும் ஒரு மூச்சு போனால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள்.

சாந்தா மாமியைப் பார்த்தாள்.

மாமி புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் சொன்னது காதில் விழுந்ததும் அவர் கண் மெல்ல நிமிர்ந்து சாந்தாவிடம் வந்து நின்றது. கோபம் இல்லை. குற்றம் சாட்டுகிற பார்வையும் இல்லை. ஆழமான கிணற்றுக்குள் விழுந்த ஒருத்தி மேலே தெரிகிற ஒரே முகத்தைப் பார்க்கிற பார்வை.

சாந்தாவுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. பின்னால் மாமி சொன்னதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். ஆக்லாந்துக்கு வந்த புதிதில் மாமிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்து போயிற்று. ரங்கநாதனுக்கு அப்போது வெலிங்டனில் வேலை. அழுகை நின்றபோது மாமிக்குப் பசியும் நின்றுவிட்டது. சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சமோவாத் தீவுப் பெண் ஒருத்தி, பேச்சு சரியாகப் புரியாத ஒருத்தி, ஒரு பானையோடு உள்ளே வந்தாள். கோழி சூப். தலையை மடியில் வைத்துக்கொண்டு, வெந்த கோழியை இரண்டு விரலால் இழை இழையாகப் பிய்த்து, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டினாள். மாமிக்கு அது என்ன என்று தெரியும். தெரிந்தேதான் விழுங்கினார். தினமும் வந்தாள், தினமும் விழுங்கினார், உயிர் திரும்பியது. அதைக் கணவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார் என்றுகூட இல்லை. அந்தச் சுவையோடு செத்த குழந்தையும் சேர்ந்து வரும், அதனால் சொல்ல முடியவில்லை. சாந்தா வீட்டுக் கராஜில் அந்த நார் நாக்கில் பட்டதும் அந்த அறை, அந்தச் சுவர், அந்தக் கை எல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்தன. பதறிப்போய்க் கத்திவிட்டார். கத்தியதைத் திரும்ப எடுக்க வழி தெரியவில்லை.

இவ்வளவும் சாந்தாவுக்குத் தெரிந்திருந்து அவள் வாயை மூடியிருந்தால், சரி, நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவளுக்குத் தெரியாது! அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விரலும் ஒரு பார்வையும்தான். அங்கே ஏதோ ஒன்று மூடி வைத்திருக்கிறது, அதன் மூடி தன் கையில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் கை கூப்பத் தோன்றுகிறது. வேண்டாதவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

"யசீ, நீ இரு," என்றாள் சாந்தா. குரல் தெளிவாக இருந்தது. மோகனதாஸின் கையை அழுத்தினாள், அவனும் வாயை மூடிக்கொண்டான். முழங்காலில் கை ஊன்றி எழுந்து நின்றாள்.

"மாமி நாக்கு பொய் சொல்லாது மாமா. நான் சமைச்சதும் காளான்தான். ரெண்டையும் ஒன்னா வச்சுக்க ஒங்களுக்கு முடியலன்னா, நான் என்னா செய்யிறது? இல்லாத கோழிய என்னால ஒத்துக்க முடியாது. வேற கேள்வி கேட்டு யாரையும் சங்கடப்படுத்தவும் எனக்கு இஷ்டமில்ல." இடுப்பிலிருந்து சமையற்கட்டுச் சாவியை எடுத்து யசீகரனின் முன்னால் வைத்தாள். "பெரிய அடுப்புல எடது பக்கத்துப் பர்னர் சட்டுனு பத்தாது. கொஞ்சம் பொறுமையா கொளுத்தச் சொல்லு."

"சாந்தா, என்ன இது? உக்காரு. ஒரு வார்த்தைதானே கேட்டேன்?" என்றார் ரங்கநாதன்.

"ஒரு வார்த்தைதான் மாமா."

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். சமையற்கட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பெரிய அகப்பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு கூட்டத்தின் நடுவே வழி விட்டவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டே நடந்து கதவைத் தாண்டினாள்.

வெளியே செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் யாரோ ஓடி வருகிற சத்தம். மாமி. மூச்சிரைத்தது.

"நீ கேட்டிருக்கலாமே சாந்தா."

"என்னத்த மாமி?"

"என்னன்னு உனக்குத் தெரியும். ஏன் கேக்கலை?"

சாந்தா தலையைக் குனிந்துகொண்டாள். "தரை ஈரம் மாமி. பாத்து நில்லுங்க, வழுக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கூடையை மாமி கையில் கொடுத்தாள். "இத வச்சுக்குங்க. தண்ணில கழுவ வேணாம். மொதல்ல எண்ணெய் விடாம வெறுஞ்சட்டில போடுங்க. அதுவே தண்ணி விடும். பயப்படாதீங்க, விட்ட தண்ணிய அதுவே குடிச்சுரும். அப்புறமா எண்ணெய் ஊத்துங்க."

மாமி துணியை விலக்கினார். அந்தச் சாம்பல் நிற மழை நாளில் கூடைக்குள் மட்டும் வெயில் அடித்த மாதிரி இருந்தது. ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்தார். நார் நாராகப் பிரிந்தது. மூக்கின் அருகே கொண்டுபோனார்.

"காளான்தான்," என்றார் மெதுவாக. "பழ வாசனை."

"ஆமா மாமி."

சாந்தா படி இறங்கினாள். மோகனதாஸ் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினான். சாலை முனைக்குப் போன பிறகுதான் அவன் கவனித்தான்.

"சாந்தா, செருப்ப விட்டுட்டு வந்துட்ட லா. இரு, போயி எடுத்துட்டு வர்றேன்."

சாந்தா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். நடைபாதையோரத்துப் புல் நனைந்து கிடந்தது, எங்கிருந்தோ அடித்து வந்த இலைகள் ஒட்டியிருந்தன.

"வேணாம், வா," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஈரப் புல்லில் வெறுங்காலோடு ரயிலடிப் பக்கம் நடந்தாள்.